பெயரை எடுக்கவிடாதீர்கள்

கேள்வி: என் பேரனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "எங்களால் சமாளிக்க முடியாது, வீட்டில் வைத்துப் படிக்க வையுங்கள்" என்று பள்ளியில் அனுப்பிவிட்டார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க என்னோடுதான் இருக்கிறான். வீட்டுக் கல்விக்குப் பதிந்துவிடலாமா?
– ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: இப்போதைக்குப் பதியாதீர்கள், அம்மா.

வீட்டுக் கல்வி நல்ல வழிதான், பெற்றோர் தாங்களே விரும்பி எடுத்தால். மாகாணக் கல்வித் துறையில் பதிய வேண்டும். 2024இல் கையெழுத்தான பேலா சட்டப்படி (அடிப்படைக் கல்விச் சட்டங்களின் திருத்தம்), பள்ளிப் படிப்பின் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தகுதியுள்ள ஒருவர் பிள்ளையை மதிப்பிட வேண்டும். செலவு முழுக்க உங்களுடையது. உங்கள் வீட்டில் அதை யாரும் கேட்கவில்லையே! பள்ளிதான் தன் பொறுப்பை உங்கள் தலையில் இறக்கிவைக்கிறது. பதிந்துவிட்டால், நீங்களே மனம் ஒப்பிப் பிள்ளையை அழைத்துப்போனதாக ஆகிவிடும்.

அடிப்படைக் கல்வி எல்லோருக்கும் உரிமை என்று நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்கிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் பொதுப் பள்ளிகள் ஏற்க வேண்டும் என்று 2001இல் 'வெள்ளை அறிக்கை 6' என்ற அரசின் கொள்கை அறிக்கை வந்தது. அதை நடைமுறையாக்கத்தான் 2014இல் 'சியாஸ்' கொள்கை, அதாவது பிள்ளையின் தேவையைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, ஆதரவு தரும் முறை. அதன்படி வகுப்பு ஆசிரியர் எஸ்.என்.ஏ. 1 என்ற ஆதரவுத் தேவை மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் தீராவிட்டால் பள்ளியின் ஆதரவுக் குழு இரண்டாவதை நிரப்பும். அதற்கும் மேல் போனால் மூன்றாவது படிவம், அதை நிரப்புவது கல்வி மாவட்டத்தின் ஆதரவுக் குழு. சிறப்புப் பள்ளிதான் சரி என்றால் அந்தக் குழு வழியாகத்தான் இடம் கிடைக்கும். உங்கள் பேரனுக்கு இவற்றில் எது நிரப்பப்பட்டது? கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால், 'சமாளிக்க முடியாது' என்று சொல்லும் தகுதி அந்தப் பள்ளிக்கு இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் மகள் பெயரில் போகட்டும். அதைக் கொடுக்கப் போகும் அன்றைக்கு மருமகனும் லீவு போட்டுக் கூட வரட்டும். ஆயா ஒருத்தி தலையில் கட்டுகிற காரியமில்லை இது. சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதை வைத்து மாகாணக் கல்வி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். சிறப்புப் பள்ளியில் இடம் கிடைக்க நாளாகும். இடம் உறுதியாகும்வரை இப்போதைய பள்ளியின் பதிவேட்டில் பேரன் பெயர் இருக்கட்டும். பெயரை நீக்கச் சம்மதம் என்று எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

'இந்தப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு' என்று உறவில் யாராவது சொல்வார்கள். கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றி அரசே ஏறக்குறைய அப்படித்தான் வாதாடியது, பணமும் இல்லை என்றது. 2010இல் கேப் டவுன் உயர் நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் கோயில் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. நேட்டாலில் அரசு நம் பிள்ளைகளுக்குப் போதிய பள்ளி கட்டாத காலத்தில், கரும்புத் தோட்டத்து ஜனங்களின் பிள்ளைகள் காசு சேர்த்துப் பள்ளி கட்டினார்கள். இன்று வார இறுதித் தமிழ் வகுப்பு நடக்கும் அறைகள் மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் இரண்டு பிற்பகல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கும் திறந்துவிடுங்கள். பள்ளிக்குப் பதிலாக அல்ல, பள்ளி முடிந்த பிறகு.

மாவட்ட அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ஒரு பிரதியை எங்கள் முகவரிக்கும் அனுப்புங்கள், அம்மா. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் இந்தப் பக்கத்திலேயே கேட்போம்.