பன்னிரண்டு எடுத்த பையன்

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்டில் எங்கள் ரக்பி குழுவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் பட்டறை, லாரி வேலை. போன மாதம் ஒருவர் வந்து எல்லாருக்கும் உடல் அசைவுச் சோதனை வைத்தார். 7 அசைவுகள், மொத்தம் 21 மதிப்பெண், 14 அல்லது அதற்குக் கீழே எடுத்தவன் கட்டாயம் அடிபடுவான் என்றார். பட்டறையில் வேலை செய்யும் ஒரு பையன் 12 எடுத்தான், பயந்துபோய் அவனை உட்கார வைத்துவிட்டேன். 18 எடுத்தவனோ அடுத்த ஆட்டத்திலேயே முட்டி ஜவ்வு கிழிந்து படுத்துவிட்டான். சோதனையை நாங்கள்தான் தப்பாகச் செய்தோமா?
— ஒரு பயிற்றுநர்

தம்பி,

நீங்கள் தப்பாகச் செய்யவில்லை, எவ்வளவு சரியாகச் செய்திருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம். முதலில் அந்த 12 எடுத்த பையனைத் திடலுக்குக் கூப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்வது எஃப்எம்எஸ் (ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்கிரீன்), கிரே குக், லீ பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய சோதனை. உங்கள் கடிதம் வந்த ராத்திரி வீட்டு வாசலில் அதன் முதல் அசைவைச் செய்து பார்த்தேன். விளக்குமாற்றுக் கட்டையைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழுசாகக் குந்த வேண்டும். பாதி இறங்கும்போதே இரண்டு குதிகாலும் தரையைவிட்டு எழும்பிவிட்டன. குதிகாலுக்கு அடியில் ஒரு பலகையை வைத்ததும் உட்கார முடிந்தது, அதற்கு 2. பலகை இல்லாமல் உட்கார்ந்தால் 3, வைத்தும் வராவிட்டால் 1, எங்கேயாவது வலித்தால் 0. என் கணுக்கால் இறுகியிருப்பதை அது காட்டிக்கொடுத்தது, நல்ல விஷயம்தான். ஆனால் சனிக்கிழமை 100 கிலோ ஆள் ஒருவன் பக்கவாட்டில் வந்து என் முட்டியில் விழுவானா என்பது அதற்கு எப்படித் தெரியும்? ரக்பியில் ஏறக்குறைய பாதிக் காயங்கள் டாக்கிளில், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே சாய்ப்பதில்தான் வருகின்றன.

அந்த 14 எங்கிருந்து வந்தது தெரியுமா? 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஒரு தொழில்முறை அணி, 46 பேர். அங்கே பிடித்த எண்ணைத்தான் நம் ஊர்த் திடல்வரை கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் நடந்த ஆய்வுகளை 2017-ல் சேர்த்துப் பார்த்தவர்கள், யாருக்கு அடிபடும் என்று சொல்ல இதைப் பயன்படுத்த முடியாது என்று எழுதிவிட்டார்கள். இன்னோர் ஆய்வில், மதிப்பெண் எப்படிப் போடுகிறோம் என்பதைத் தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லிவிட்டு மறுபடி செய்யச் சொன்னார்கள், உடனே மதிப்பெண் ஏறிவிட்டது. ஒரு பயிற்சியும் இல்லை, உடம்பும் மாறவில்லை.

நார்வே மருத்துவர் ரோல்ட் பார் 2016-ல் இந்தச் சிக்கலைத் தெளிவாக எழுதினார். நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: உங்கள் 30 பேரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்துங்கள், ஆட்டங்கள் எல்லாம் முடிந்தபின் அடிபட்டவர்களை ஒரு அடி முன்னால் வரச் சொல்லுங்கள். இந்தக் கோடியிலிருந்தும் வருவான், அந்தக் கோடியிலிருந்தும் வருவான், நடுவிலிருந்தும் வருவான். குறைவாக எடுத்தவர்கள் பக்கம் ஓரிருவர் கூட வரலாம், அதை வைத்து ஒரு தனி ஆளைப் பார்த்து "உனக்கு அடிபடும்" என்று எப்படிச் சொல்வது? எந்த இடத்தில் கோடு போட்டாலும் நல்லவனை வெளியே தள்ளுவோம், அடிபடப் போகிறவனை உள்ளே விடுவோம். உங்கள் குழுவில் இரண்டும் நடந்துவிட்டது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. முன்னால் எங்கே அடிபட்டது, முழுசாக ஆறியதா? பழைய காயத்தைப் போல அடுத்த காயத்துக்கு வழி சொல்வது வேறொன்றும் இல்லை. எனக்கு வலது கணுக்கால் பிசகியபோது மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு மூன்றாவது வாரமே ஓடினேன், அதே கால், அதே பக்கம், மறுபடி பிசகியது. அப்படியே வேலையையும் கேளுங்கள். காலையெல்லாம் செம்பனைக் குலை வெட்டி அண்ணாந்து அண்ணாந்து கழுத்தும் தோளும் களைத்தவன், மாலையில் டாக்கிளுக்கு வருகிறான் என்பது எந்த மதிப்பெண் தாளிலும் இருக்காது.

அப்புறம், எல்லாருக்கும் ஒரே மருந்து: ஆக்டிவேட். இங்கிலாந்தில் உருவான வார்ம்-அப், உலக ரக்பி அமைப்பு இலவசமாகவே தருகிறது, சுமார் 20 நிமிடம் ஆகும். ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து மெத்தென்று இறங்குவது, திசை மாறி ஓடுவது, கழுத்துப் பயிற்சி. இங்கிலாந்துப் பள்ளிகளில் வாரம் 3 தடவையாவது செய்த அணிகளில் ஆட்டக் காயங்கள் 72 சதவீதம் குறைவாக இருந்தன. நம்மைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே ஆடும் பெரியவர்களின் அணிகளில் செய்து பார்த்தபோது தலையதிர்ச்சி 60 சதவீதம் குறைந்தது. வாரத்துக்கு ஒரு தடவை ஒப்புக்குச் செய்தால் இவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

சோதனைத் தாளைக் கிழிக்க வேண்டாம். யாருக்காவது 0 விழுந்திருந்தால், அதாவது வலி இருந்தால், அவனை மருத்துவரிடம் அனுப்புங்கள். மற்ற எண்களை மறந்துவிடுங்கள், முக்கியமாக அந்தப் பையனிடம் அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

சனிக்கிழமை நானும் வருகிறேன். கழுத்துப் பயிற்சிக்கு ஜோடி வேண்டும், அவனை எனக்குக் கொடுங்கள்.