ஸென்டயா எதில் கெட்டி?

கேள்வி: மாடல், பாடகி, நடிகை என்று ஸென்டயாவை எல்லாப் பட்டியலிலும் சேர்க்கிறார்களே, உண்மையில் அவர் எதில் கெட்டி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நடிப்பில்தான், சந்தேகமே வேண்டாம். 1996ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர், அம்மாவின் முன்னோர் ஜெர்மனி, ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆசிரியையான அம்மா, ஷேக்ஸ்பியர் நாடகங்கள் போடும் ஓர் அரங்கிலும் வேலை பார்த்தார். கூடப் போகும் சிறுமி, வருகிறவர்களுக்கு இடம் காட்டி உட்காரவைப்பாள், நன்கொடைச் சீட்டு விற்பாள், அப்படியே நாடகத்தையும் பார்த்துவிடுவாள். துணிக்கடை விளம்பரங்களில் மாடலிங், 2010ல் டிஸ்னி தொடர். பாட்டு? 2013ல் ஓர் ஆல்பம் வந்தது, அப்புறம் இன்னொன்று வரவில்லை. (என்னைக் கேட்டால், பெரிய நஷ்டமில்லை.)

2015 ஆஸ்கருக்கு அவர் சடைசடையாகத் திரித்த தலைமுடியோடு போனபோது, ஒரு டிவி தொகுப்பாளர் அதில் கஞ்சா வாடை அடிக்கும் என்கிற மாதிரி கிண்டலடித்தார். ஸென்டயா கத்தவில்லை, அதே மாதிரி முடி வைத்திருக்கும் தன் அப்பா, சகோதரர் என்று ஒவ்வொருவராகச் சொல்லி நிதானமாகப் பதில் எழுத, தொகுப்பாளர் மன்னிப்பு கேட்க வேண்டியதாயிற்று. அதே வருடம் அந்தக் கோலத்திலேயே ஒரு பார்பி பொம்மையும் செய்தார்கள்.

'யூஃபோரியா' என்ற டிவி தொடரில் போதைக்கு அடிமையான பள்ளி மாணவியாக நடித்து 2020ல் அமெரிக்க டிவி உலகின் பெரிய விருதான எம்மி வாங்கியபோது வயது 24. அதே வேடத்துக்கு 2022ல் இன்னொன்று!