காப்பாளர் பக்கத்துல நின்னா புள்ள எப்படி பேசும்?

அன்புள்ள அண்ணனுக்கு,

குடியாத்தத்துல இருந்து எழுதறேன். பையன் ஒம்பதாவது, இந்த வருசம்தான் வேலூர்ல ஹாஸ்டல்ல சேர்த்தோம். ஞாயித்துக்கிழமை போன்ல "நல்லா இருக்கேன்மா"ன்னு சொல்லிட்டே அழுவறான். சாப்பாடும் புடிக்கலையாம். இவங்கப்பா "ஆம்பளப் புள்ள, பழகிடும் விடு"ன்றாரு. டி.சி. வாங்கிடலாமா?

தங்கச்சிக்கு,

சாப்பாட்ட விடுங்க, அது பழகிடும். அழுகைக்கும் அதே வார்த்தைய உங்க வீட்டுக்காரர் சொல்றாரு பாருங்க, அது பெரிய தப்பு, கோவப்பட்டாலும் பரவால்லன்னு அவர்கிட்ட படிச்சிக் காட்டுங்க.

நான் கேக்கறது ஒண்ணுதான், அவன் பேசும்போது பக்கத்துல யாரு நிக்கறாங்க? முக்கால்வாசி ஹாஸ்டல்ல போன் காப்பாளர் ரூம்ல இருக்கும், அவரு எதிர்லயே உக்காந்திருப்பாரு, பின்னாடி பசங்க வரிசைல நிப்பாங்க, சீனியர் பையன் கதவுல சாஞ்சிகிட்டு கேப்பான், இதுல புள்ள என்னத்த சொல்லும்?

நாங்க படிக்கறப்போ இன்லேண்ட் லெட்டர். ஒட்டாம குடுக்கணும், வார்டன் படிச்சிட்டுதான் தபால்ல போடுவாரு. என் பக்கத்துல படுக்கற பையன பெரிய பசங்க காதோட சேத்து அறைஞ்சிட்டாங்க, துணி துவைச்சுத் தரலன்னு. சீழ் வடியுது, ஒரு கையால பஞ்ச காதுல அழுத்திகிட்டு இன்னொரு கையால எழுதறான், "நைனா, நான் நலம், நன்றாகப் படிக்கிறேன்." பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போய்தான் அவங்க நைனாவுக்கே தெரிஞ்சது. அந்தக் காது அப்புறம் சரியா கேக்கவே இல்ல. அந்த லெட்டர நெனச்சா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது.

2025ல அரசு விடுதிங்களுக்கெல்லாம் சமூகநீதி விடுதின்னு பேரு வெச்சாங்க, ரொம்ப நல்லது. அப்படியே புள்ளைங்க கைக்கு எட்டற எடத்துல, யாரும் ஒட்டுக்கேக்காத மாதிரி ஒரு போன் வைங்க. அரசு விடுதியோ தனியாரோ எல்லாத்துக்கும்தான் சொல்றேன். புள்ளைங்க உதவிக்குக் கூப்புடற 1098 இருக்கு, பள்ளிக்கல்வித் துறையோட உதவி நம்பர் 14417 இருக்கு, நம்பர சுவத்துல எழுதிட்டு போன உள்ள வெச்சிப் பூட்டினா புள்ள எதுல கூப்புடும்? ஒழுக்கம் கெட்டுடும்னு காரணம் சொல்றாங்க. அம்மாகிட்ட தனியா பேசினா கெட்டுப்போற ஒழுக்கம் இன்னா ஒழுக்கம் அது!

இந்த சனிக்கிழமையே கெளம்புங்க, ரெண்டு பேரும். பர்மிஷன் வாங்கி வெளிய கூட்டிட்டு வந்து கோட்டை அகழி ஓரமா உக்காருங்க. நல்லா இருக்கியான்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்குப் பதில் அவனுக்கு மனப்பாடம். பக்கத்துல யாரு படுக்கறா, ராத்திரி லைட் அணைச்சப்புறம் யாரு வர்றா, நீ யார் துணியத் துவைக்கறன்னு கேளுங்க. அவசரப்படாம கேளுங்க, கண்ணு. அவன் சொல்லி முடிக்கற வரைக்கும் இவங்கப்பா வாயத் தொறக்கக் கூடாது. டி.சி. வாங்கலாமா வேணாமான்னு அதுக்கப்புறம் எழுதுங்க, சொல்றேன்.