லூர் ஊற்ற இடம் ஒதுக்குகிறவர்களுக்கு: வாங்கும் முன் சில கேள்விகள்

தேங்காய்ப்பட்டணம் பொழியிலும் குழித்துறை ஆற்றிலும் கொடுவா மீனுக்கு லூர் (தூண்டிலில் மாட்டும் போலி இரை) எறிகிறவர்களில் சிலர், கடையில் ரப்பர் மீன் வாங்குவதை விட்டு வீட்டிலேயே பிளாஸ்டிசால் என்ற பிவிசி கலவையை உருக்கி அச்சில் ஊற்றத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கான சாமான்கள் பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

சமையலறை மைக்ரோவேவிலேயே பிளாஸ்டிசாலைச் சூடாக்கலாமா? முடிந்ததும் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுவேன். (மார்த்தாண்டம்)

கூடாது. சூட்டில் கிளம்பும் ஆவி உள்சுவரிலும் காற்றுத் துளைகளிலும் படியும், சோப்பு அங்கெல்லாம் போகாது. பழைய மைக்ரோவேவ் ஒன்றைத் தனியாக வாங்கி, 'சாப்பாட்டுக்கு அல்ல' என்று அதன் மேல் பெயின்டால் எழுதிவிடுங்கள். கப்பும் கரண்டியும் அப்படியே. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கொட்டகை சும்மா கிடக்கிறது. அதையே பட்டறையாக்கலாமா? (குலசேகரம்)

அது புகையை உள்ளே பிடித்து வைப்பதற்கென்றே கட்டியது. உங்களுக்கு வேண்டியது புகையை வெளியே தள்ளும் இடம். ஓரத்தில் ஷீட் அடுக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் தீ பிடிக்கவும் வாய்ப்பு. காசு செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்றால் எதிரெதிராக இரண்டு திறப்புகள் வெட்டுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் மேஜைக்குப் பின்னால், கப் இருக்கும் உயரத்தில் வரட்டும். நல்ல காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, ஆவியை முகத்துக்கு ஏற விடாமல் அந்தப் பக்கம் இழுத்துப் போக வேண்டும். கூரையில் ஃபேன் வைத்தால் ஆவி உங்கள் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும்.

என்னைக் கேட்டால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒர்க் ஏரியாவே நல்லது. கேஸ் அடுப்பு அங்கே இருக்கக் கூடாது, சமையலறைக் கதவு மூடியிருக்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது.

கொரோனா காலத்து என்-95 மாஸ்க் ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது. போதுமா? (கருங்கல்)

போதாது. அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் மாட்டும் ரெஸ்பிரேட்டர் வாங்குங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: அமெரிக்க முறையில் மஞ்சள் பட்டை ஆர்கானிக் வேப்பர் (எண்ணெய் போன்றவற்றின் ஆவி), ஆசிட் கேஸ் (அமில வாயு) இரண்டுக்கும் ஆகும். ஐரோப்பிய முறையில் மஞ்சள் ஆசிட் கேஸுக்குத்தான். இரண்டும் அதில் எழுத்தில் இருக்கிறதா, காலாவதி மாதம் தாண்டவில்லையா என்று பாருங்கள். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் ஆவி நுழையும்.

திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் பிளாஸ்டிசால் 1 லிட்டர் வாங்கினேன். தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தந்தார்கள், லேபிள் இல்லை, பில் இல்லை, பணம் யுபிஐயில் போனது. சூடாக்கினால் மஞ்சளாகி மூக்கு எரிகிறது. திருப்பிக் கேட்டால், 'நீங்க தமிழ்நாடு, இங்க வந்து கேஸ் நடத்த முடியுமா?' என்கிறார்கள். (களியக்காவிளை)

முதலில் அதைச் சூடாக்குவதை நிறுத்துங்கள். மூக்கு எரிவதை லேசாக எடுக்க வேண்டாம். பிளாஸ்டிசால் என்பது பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெயில் கலந்து நிற்கும் பிவிசி தூள். பாலாக இருப்பது சூட்டில் கெட்டியாகி, ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸில் தெளிந்து ஊற்றும் பதத்துக்கு வரும். 200ஐத் தாண்டவிட்டால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு விடும். ஈரத்தில் பட்டால் அது அமிலம், உங்கள் மூக்கும் நுரையீரலும் ஈரம்தான். மறுபடி எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள், கப்பை எடுக்க நிற்காதீர்கள்.

தப்பு சரக்கில் இருக்கலாம், உங்கள் தெர்மாமீட்டரிலும் இருக்கலாம். நான் நாகர்கோவிலில் வாங்கிய ஒரு குத்தும் தெர்மாமீட்டர் கொதிக்கிற தண்ணீரில் 80ஐத் தாண்டவில்லை. அதை நம்பி உருக்கியிருந்தால் 20 டிகிரி கூடுதலாகப் போயிருக்கும். விற்றவர் திரும்ப வாங்கவும் இல்லை. நீங்களும் கொதிதண்ணீரில் வைத்துப் பாருங்கள், 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டும் இன்ஃப்ராரெட் கருவி மேல்பரப்பை மட்டுமே அளக்கும், கலக்கிவிட்டு அளந்தால்தான் பிரயோஜனம்.

இனி அந்த பாட்டில். பேர் இல்லாத பாட்டிலில் ரசாயனம் விற்கிறவர்கள் மேல் எனக்கு அடங்காத கோபம் உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன: தயாரித்தவர், பொதிந்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், அளவு, மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு தொடர்பு, வெளிநாட்டுச் சரக்கென்றால் எந்த நாடு என்பது. பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு மாற்றும்போது இதெல்லாம் கேனோடு தங்கிவிடுகிறது. எந்த டிகிரிக்கு மேல் போகக் கூடாது, தாலேட் கலந்ததா இல்லையா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? தாலேட் வகை பிளாஸ்டிசைசர்களில் சில ஹார்மோன்களைப் பாதிக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் பால் போன்ற திரவம் வீட்டில் இருந்தால் ஒரு பிள்ளை எடுத்துக் குடிக்க எவ்வளவு நேரமாகும்? இன்றே வேறு டப்பாவுக்கு மாற்றி, பெயர் எழுதி, பூட்டி வையுங்கள்.

கடைக்காரர் சொன்ன கேஸ் கதை பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் பாறசாலை தாண்ட வேண்டியதில்லை, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையம் போதும். பில் தராததும், பில்லில் வேறு கெடு இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. யுபிஐ ரசீது, பாட்டிலின் போட்டோ, கடையோடு பேசிய வாட்ஸ்ஆப் எல்லாம் சாட்சி. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், பல விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். எனக்கும் எழுதுங்கள், விடக் கூடாத விஷயம் இது.

அலுமினிய மோல்டை (அச்சை) கழுவி உடனே ஊற்றினேன். தெறித்துக் கை வெந்துவிட்டது. மோல்டு விற்றவர் மேல் புகார் கொடுக்கலாமா? (செங்கோட்டை)

கொடுக்க முடியாது. பெட்டிக்குள் இருந்த தாளில் ஈரம் கூடாது என்று இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைப் படிக்காமல் ஊற்றியதும் நீங்கள். 175 டிகிரி திரவத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிக்கினால் நொடியில் ஆவியாகி எல்லாவற்றையும் வெளியே வீசும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் கழுவாத மோல்டிலும் ஈரம் இருக்கும், பிளாஸ்டர் மோல்டு இன்னும் மோசம். லேசாகச் சூடாக்கி உலர்த்திவிட்டு ஊற்றுங்கள். தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு இல்லாமல் இனி நிற்காதீர்கள். கையில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்க்காமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேஸ்ட், மை எதுவும் பூச வேண்டாம்.

எங்கள் தோட்டத்து ரப்பர் பாலிலேயே லூர் ஊற்றினால் செலவு மிச்சமாகுமே? (அருமனை)

ஆகாது. ரப்பர் பால் பிளாஸ்டிசால் போல உருகி ஊற்றி இறுகும் சரக்கு இல்லை.

புது டாக்கிள் பாக்ஸில் (தூண்டில் சாமான் பெட்டியில்) ரப்பர் மீன்களைப் போட்டு வைத்தேன். பெட்டியின் அடி இளகி ஒட்டிக்கொண்டது. (கொல்லங்கோடு)

பிளாஸ்டிசைசர் கசிந்து சில கடின பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். அடியில் 5 என்ற எண்ணோ பிபி என்ற எழுத்தோ உள்ள பாலிபுரொப்பிலீன் பெட்டி தாங்கும். டிபிஇ என்ற வேறு மென்பிளாஸ்டிக் வகை லூர்களை பிவிசி லூர்களோடு ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். 'சாஃப்ட் பிளாஸ்டிக் வைக்கலாம்' என்று சொல்லி விற்றிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

தீ பிடித்தால் அணைக்க ஒரு பக்கெட் தண்ணீர் வைத்திருக்கிறேன். சரிதானே? (பளுகல்)

தப்பு. சூடான பிளாஸ்டிசாலிலும் கரண்ட் ஓடும் மைக்ரோவேவிலும் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஏபிசி பவுடர் சிலிண்டர் வாங்குங்கள், முள் பச்சையில் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அதை மேஜைக்கு மேல் மாட்டாமல் வாசல் பக்கம் மாட்டுங்கள். மைக்ரோவேவுக்குள் தீ என்றால் கதவைத் திறக்காமல் மெயினை அணையுங்கள்.