வால்வு ரேடியோ ஏன் தாமதமாகப் பேசுகிறது?

கேள்வி: பரணிலிருந்து இறக்கிய தாத்தாவின் வால்வு ரேடியோ, சுவிட்சைப் போட்டு அரை நிமிடம் கழித்தே பேசுகிறது. இது பழுதா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பழுதன்று. வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழ்; அதற்குள் இருக்கும் இழை, கேத்தோடு என்னும் எதிர்மின்முனையைச் செந்தணலாகச் சூடேற்றிய பிறகே எலக்ட்ரான்கள் அதிலிருந்து வெளியேறி ஆனோடு என்னும் நேர்மின்முனையை நோக்கிப் பாயும். ஆங்கிலேய இயற்பியலாளர் பிளெமிங் 1904-இல் உருவாக்கிய இருமுனை வால்வில் இந்த ஓட்டம் மட்டுமே இருந்தது; 1906-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டி ஃபாரஸ்ட் இடையே ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். அந்த வலைக்கு வரும் மெல்லிய சமிக்ஞை பெரிய மின்னோட்டத்தை ஆட்டுவிப்பதால்தான் ஒலி பெருகுகிறது. குமிழின் உட்புறத்தில் உள்ள வெள்ளி நிறப் பூச்சு பால்போல வெளுத்திருந்தால் மட்டும் காற்று புகுந்துவிட்டது என்று பொருள், அந்த வால்வை மாற்றத்தான் வேண்டும். மின்னூட்டத்தைத் தேக்கும் பழைய கண்டன்சர்களையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.