ஓவர் ஆக்டிங் என்று ஒரு வார்த்தை

கேள்வி: அக்கா, என் மாமனாருக்கு 76 வயது. எதிர் வீட்டு மாமாவும் அவரும் துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பத்து வருடமாக மதியம் சாப்பாடு முடிந்ததும் அந்த மாமா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். டிவியில் எந்த சிவாஜி படம் ஓடினாலும் இரண்டு பேரும் பார்ப்பார்கள், எது பெஸ்ட் என்று சண்டை போடுவார்கள், நான் டீ போடுவேன். போன மாதம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போட்டார்கள். ஜாக்சன் துரை சீனில் பிளஸ் டூ படிக்கும் என் மகன் சிரித்துவிட்டான். மாமாவும் “கொஞ்சம் ஓவர் ஆக்டிங்தாம்பா, ‘முதல் மரியாதை’லதான் கணேசன் நடிச்சாரு” என்றார். “அப்ப இனிமே உன் வூட்லயே பாத்துக்க” என்று சொல்லிவிட்டார் என் மாமனார். மூன்று வாரமாக அவர் வரவில்லை. அவர் வீட்டில் ரிமோட் பேரப்பிள்ளைகள் கையில். இங்கே மாமனார் டிவியைப் போட்டுவிட்டுத் தூங்குகிறார். எது சிறந்த படம் என்று நீங்களே ஒரு தீர்ப்பு எழுதுங்கள், இரண்டு பேருக்கும் காட்டுகிறேன். உங்கள் ஓட்டு எதற்கு?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தீர்ப்பெல்லாம் எழுத மாட்டேன், தங்கச்சி. எம்.ஜி.ஆர். ரசிகரும் சிவாஜி ரசிகரும் போடுகிற சண்டையில் ஆபத்து இல்லை. இருவருக்கும் அது பழகிப்போனது. சிவாஜி ரசிகரும் சிவாஜி ரசிகரும் போடுகிற சண்டைதான் பொல்லாதது. ராயபுரத்தில் எங்கள் வீட்டில், ‘நவராத்திரி’யின் ஒன்பது வேஷத்தில் கூத்துக்காரர் உசத்தியா, தொழுநோயாளி உசத்தியா என்று ஆரம்பித்து, எங்கள் நைனாவும் சித்தப்பாவும் ஒரு வாரம் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். நடுவில் தீர்ப்புச் சொல்லப் போன எங்கள் அம்மாவுக்குத்தான் இரண்டு பக்கமும் திட்டு.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்து வருடமாக எந்தப் படம் பெஸ்ட் என்றுதானே சண்டை போட்டார்கள்? அப்போதெல்லாம் யாரும் எழுந்து போகவில்லையே. ‘முதல் மரியாதை’ என்று மாமா சொன்னது இது முதல் தடவையாகவும் இருக்காது. புதிதாக வந்தது ‘ஓவர் ஆக்டிங்’ என்கிற வார்த்தை. அறுபது வருடமாக எதிர்க் கட்சிக்காரன் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய வார்த்தை அது. சொந்தக் கட்சிக்காரன் வாயிலிருந்தே வந்தால்? அதுவும் பேரன் சிரித்த கையோடு. மகன் சிரித்ததை நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. மாமனாரின் கோபம் பாதிக்கு மேல் அந்தச் சிரிப்பின் மேல்தான். பேரனைத் திட்ட மனசு வராமல் நண்பர் மேல் பாய்ந்துவிட்டார்.

மாமா சொன்னது தப்பா என்றால், முழுக்கத் தப்பில்லை. கட்டபொம்மன் முதலில் மேடை நாடகம். சக்தி கிருஷ்ணசாமி எழுத, சிவாஜி தன் நாடக மன்றத்தில் நடித்தது. சின்னப் பையனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர் அவர். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் புருவம் உயர்ந்தது தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும் என்பதுதான் அங்கே பாடம். அதே வேஷத்தோடு 1959இல் கேமரா முன்னால் வந்து நின்றபோது அவருக்கு வயது 30. அடுத்த வருடம் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கர்ஜனைதான். ‘முதல் மரியாதை’ வந்தது 1985இல், 56 வயதில். இரண்டுக்கும் நடுவே 26 வருடம். முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாகப் படம் செய்த மனிதரை இந்த இரண்டு படத்தை வைத்து எடை போட்டால் தராசு எப்படி நிற்கும்? எனக்கும் ‘கொஞ்சம் அதிகம்தான்’ என்று தோன்றுகிற சில படங்கள் உண்டு, எழுபதுகளில். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் மூன்று வாரம் யாரும் டீ தர மாட்டார்கள்.

உங்கள் டிவி மேலும் எனக்கு ஒரு சந்தேகம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’, அதுவும் அவருடையதுதான். அதற்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான திரைக்கு எடுத்தவை. இப்போதைய டிவி அகலம். அந்தச் சதுரத்தை இழுத்து டிவி முழுக்க நிரப்பினால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு குண்டாகிவிடுவார்கள். கட்டபொம்மன் மீசையும் கன்னமும் அந்த அளவில் துடித்தால் பதினேழு வயதுப் பையன் சிரிக்காமல் என்ன செய்வான்? ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றச் சொல்லுங்கள். இரண்டு ஓரமும் கறுப்பாகும். “படம் ஏன் சின்னதாயிடுச்சு?” என்று மாமனார் கத்துவார். பத்து நிமிஷம் பொறுங்கள், ‘கணேசன் இளைச்ச மாதிரி இருக்கார்’ என்று அவரே சொல்வார்.

சரி, இனி ஆக வேண்டியது. எதிர் வீட்டுக்கு நீங்கள் போக வேண்டாம், மாமனாரையும் அனுப்ப வேண்டாம். மகன் போகட்டும். மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் பேசினால் பெரியவர் இன்னும் முறுக்கிக்கொள்வார். “தாத்தா, பாட்டே இல்லாத சிவாஜி படம் ஒண்ணு இருக்காமே, தெரியுமா உங்களுக்கு?” என்று வாசலில் நின்று கேட்டால் போதும். சிவாஜி ரசிகரிடம் போய்ச் சிவாஜி படம் தெரியுமா என்று கேட்பதா! செருப்பு மாட்டிக்கொண்டே பதில் சொல்வார்.

அது ‘அந்த நாள்’, 1954இல் எஸ். பாலச்சந்தர் எடுத்தது. ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடம். ஊரெல்லாம் அவர் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரம். இதில் படம் ஆரம்பிக்கும்போதே அவர் சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் ஒவ்வொருவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மாதிரி ஆளாக வருகிறார். நல்லவரும் இல்லை. யுத்த காலத்து மெட்ராஸில், ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை என்பதால் பையனும் போனை வைத்துவிட்டுப் பார்ப்பான். செல்போனிலிருந்தே டிவிக்கு மாற்றிப் போட அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மாமா வந்து உட்கார்ந்ததும் பழைய பேச்சை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு பேச்சு வேண்டுமென்றால் தியேட்டரைப் பற்றிக் கேளுங்கள். போஸ்டரில் சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி என்று போட்ட காலத்தில் வடசென்னைக்காரர்களுக்கு மின்ட் கிரவுன்தான் கோட்டை. இன்று சாந்தியும் இல்லை, கிரவுனும் இல்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியாவைக்கூட 2020இல் மூடிவிட்டார்கள். யார் எங்கே பிளாக்கில் டிக்கெட் வாங்கினார்கள் என்று ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓடும்.

அடுத்து டிவியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வருகிற அன்றைக்கு இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள். கையில் காயத்தோடு மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறாரே, பத்மினி எதிரே ஆட, அந்த இடம். நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. ஆனால் கன்னம் உப்புவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், மூச்சை எங்கே இழுக்கிறார் என்பதும் பாருங்கள், வாசிக்கிறவர்களே ஏமாந்துவிடுவார்கள். வாய் முழுக்க நாதஸ்வரம், பேச வழியில்லை. பதில் முழுக்கக் கண்ணிலேயே வருகிறது. இதில் கட்டபொம்மன் கட்சியும் ஜெயிக்கும், ‘முதல் மரியாதை’ கட்சியும் ஜெயிக்கும். அப்போது மகன் முகத்தை ஒரு தடவை பாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.

டீயை மாமாவுக்கு முதலில் கொடுங்கள்.

என் ஓட்டைக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? 1960இல் வந்த ‘படிக்காத மேதை’. ரங்காராவ் தன் வாயாலேயே அவரை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, அப்புறம் அவரை நினைத்துத் தவிக்கிற படம். மாமனார் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.