பெயர் தெரியாத எழுத்தாளரின் நாவலுக்குச் சென்னையில் வெளியீட்டு விழா வைத்தால் வாசகர்கள் கிடைப்பார்களா?

விழாவால் மட்டும் கிடைக்க மாட்டார்கள். விழாவுக்கு வருகிறவர்கள் உங்களுக்காக வருகிறவர்கள்: அலுவலக நண்பர்கள், சித்தி, சித்தப்பா, கூடப் படித்தவர்கள், இரண்டு மூன்று சக எழுத்தாளர்கள். நாவலுக்காக வருகிறவர்கள் அப்புறம்தான், வேறு வழியில், ஒவ்வொருவராக வருவார்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் உங்கள் பணத்தையும் உழைப்பையும் எடுத்து வைக்க வேண்டும்.

பகலில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். இதுவரை இரண்டு நாவல்கள் வந்திருக்கின்றன. இரண்டாவது நாவல் காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் வேலை செய்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. அது வெளியானபோது பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்.

முதலில் எந்த மாதம் வெளியிடுவது என்பதை யோசியுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்து வருகிறது. இப்போது ஜனவரியை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சுமார் 900 அரங்குகளோடு நடக்கிறது. தமிழில் பெரும்பாலான பதிப்பாளர்கள் அதைக் கணக்கு வைத்தே புத்தகம் அடிக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் அச்சகங்களில் வேலை நெரியும். மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுப் பிழை திருத்த, இரண்டு நாள்தான் கொடுப்பார்கள், அட்டை கடைசி நேரத்தில் மாறும். அப்படி அவசரமாக வந்த நாவல், பெரிய எழுத்தாளர்களின் புதிய புத்தகங்களோடு ஒரே மேசையில் கிடக்கும். வாசகர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார். அந்தப் பட்டியலில் நம் பெயர் இருக்காது. ஆகவே பதிப்பாளர் சம்மதித்தால் ஜூன் மாதம் கொண்டு வாருங்கள் என்பேன். ஜூலையில் கோவை, ஆகஸ்டில் ஈரோடு, செப்டம்பரில் மதுரை என்று புத்தகத் திருவிழாக்கள் வரிசையாக வரும். ஜனவரிக்குள் அந்த நாவலைப் பற்றிப் பேச நாலு பேராவது இருப்பார்கள். நந்தனத்தில் அதைக் கேட்டு வாங்க ஒருவர் வருவதற்கு அந்த நாலு பேர் வேண்டும்.

விழா வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கில் ராத்திரி கண்விழித்து எழுதிய ஒன்று கையில் புத்தகமாக வரும்போது வீட்டார் முன்னால் ஒரு மேடையில் நிற்க ஆசை இருக்கும். அதில் தவறே இல்லை. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கு, மயிலாப்பூரில் கவிக்கோ மன்றம், கே.கே.நகரில் டிஸ்கவரி புக் பேலஸ் என்று கூட்டம் நடத்த இடங்கள் இருக்கின்றன. வாடகை, ஃபிளெக்ஸ், பொன்னாடை, டீ, பிஸ்கட், பேச்சாளர்களுக்கு வண்டி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலும் அது எழுத்தாளரின் பையிலிருந்துதான் போகும்.

ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் செய்யுங்கள்: பேச்சாளர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வாழ்த்துரை, சிறப்புரை என்று ஆறேழு பெயர்களை அழைப்பிதழில் போட்டால் ஒவ்வொருவரும் உங்கள் முன்னுரையையும் பின்னட்டையையும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசுவார்கள். ஏற்புரைக்கு நீங்கள் எழும்போது வாட்ச்மேன் விளக்கை அணைக்கக் காத்திருப்பார். அந்த இரண்டு பேருக்கும் ஒரு மாதம் முன்பே அச்சுப் பிரதியோ பிடிஎஃப்போ கொடுத்துவிடுங்கள்.

என் விழாவில் பேசிய ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தினசரிக் காலண்டர் தாளை நீளவாக்கில் கிழித்துப் பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் வைத்திருந்தார். நாவலைப் பற்றி அதிகம் விளக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐஸ் கேனைத் தண்ணீரில் முக்கிப் பாளத்தைக் கழற்றும் ஒரு பத்தியை வாசித்தார். முடித்ததும் அடுத்த அடையாளத்தைப் புரட்டி இன்னொன்றை வாசித்தார். பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள்கூட நிமிர்ந்தார்கள். வெளியே மேசையில் அன்றைக்குப் புத்தகம் வாங்கிய முன்பின் தெரியாதவர்கள் இரண்டு பேர், “அந்த டீச்சர் படிச்சது எந்தப் பக்கம்?” என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். நாவலை விற்க நாவலின் வரிகளைவிட நல்ல ஆள் கிடையாது. மேடையில் யாராவது அதை வாய்விட்டு வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சரி, பணம். 300 ரூபாய் விலை போட்ட நாவலுக்கு 10 சதவீதம் ராயல்டி என்றால் பிரதிக்கு 30 ரூபாய். 300 பிரதி விற்றால் 9,000. அதுவும் ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கும் பதிப்பாளராக இருந்தால். பதிப்பாளர் கொள்ளையடிக்கிறார் என்று உடனே நினைக்க வேண்டாம். கடைக்காரருக்குக் கழிவு, புத்தகக் காட்சியில் வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி, அரங்கு வாடகை, தாள் விலை எல்லாம் அவர் தலையில்தான் விழுகிறது. முன்பு ஆஃப்செட்டில் 1,000 பிரதிக்குக் குறையாமல் அடித்துக் குடோனில் அடுக்கினார்கள். இப்போது தேவைக்கேற்ப 100, 200 என்று அடிக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களின் நாவல்கள் வெளிவருவதே இதனால்தான். ஆனால் அப்படி அடித்த பிரதிகள் ஊர் ஊராகக் கடைகளுக்குப் போவதில்லை. யாராவது கேட்டால்தான் போகும்.

பணம் கொடுத்தால் போடுகிறேன் என்றோ, 100 பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றோ சிலர் சொல்வார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மெய்ப்பு யார் பார்க்கிறார், எடிட்டர் இருக்கிறாரா, உரிமை யாரிடம், எத்தனை ஆண்டுக்கு? ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு நூலுக்கும் தரும் அடையாள எண்; அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், இந்தியாவில் அதை அரசு இலவசமாகவே தருகிறது. இன்னொன்று, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டாரா என்று விசாரியுங்கள். நமக்குப் பின்னாலும் அந்த நாவல் ஓர் அலமாரியில் இருக்கும்.

நூலகக் கொள்முதலையும் கேட்டு வையுங்கள். 1948-இல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவது அந்தப் பணத்தில்தான். இப்போது பதிப்பாளர்கள் இணையம் வழியாக விண்ணப்பிக்க முடிகிறது. தேர்வாகும் என்ற உறுதி கிடையாது. ஆனால் விண்ணப்பிக்காத புத்தகம் எப்படித் தேர்வாகும்? உங்கள் பதிப்பாளர் உங்கள் தலைப்பையும் சேர்த்தாரா என்று பாருங்கள்.

கிண்டிலில் மின்னூலாகப் போடுவது எளிது, வெளிநாட்டுத் தமிழர்களுக்கு உதவும். அச்சில் வந்து சில மாதங்கள் கழித்துப் போடுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

காட்சியில் உங்கள் பதிப்பாளரின் அரங்கில் நின்று பாருங்கள், கஷ்டமாகத்தான் இருக்கும். ஒருவர் புத்தகத்தை எடுப்பார், பின்னட்டையைப் படிப்பார், விலையைப் பார்ப்பார், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நின்றபடியே நாலு வரி படிப்பார். உங்களுக்கு மூச்சே நின்றுவிடும். பிறகு பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் பின்னால் ஓடி “நான்தான் எழுதினேன்” என்று சொல்ல வேண்டாம். அந்த நாலு வரி அவரை நிறுத்தியிருக்க வேண்டும். அதனால்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: விழாவுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியையாவது நல்ல எடிட்டருக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் கொடுங்கள்.

மீதிப் பாதி, படிக்கிறவர்களிடம் பிரதியைக் கொண்டு சேர்க்க. பிரபலங்களுக்கு அனுப்பும் பிரதிகள் பெரும்பாலும் உறை பிரிக்காமலே கிடக்கும், அவர்களுக்குத் தினமும் வந்துகொண்டே இருக்கிறது. தொடர்ந்து வாசித்து நாலு வரி எழுதுகிறவர்களைத் தேடி, கேட்டுவிட்டு அனுப்புங்கள். தபால் செலவு ஒரு பெரிய தலைவலி. குறைந்த கட்டணத்தில் இருந்த புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. பாடநூல்களையும் சமூக, பண்பாட்டு நூல்களையும் மனதில் வைத்துக் கொண்டுவந்தது அது. உங்கள் நாவலை அதில் எடுத்துக்கொள்வார்களா என்று தபால் நிலையத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், நாவல் யாரைப் பற்றியதோ அவர்களிடம் அது போக வேண்டும். என் நாவலைப் பற்றிய நல்ல கூட்டம் ராயபுரத்தில் ஒரு நண்பரின் டியூஷன் சென்டரில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபேன், மைக் கிடையாது. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் எல்லோரும் படித்திருந்தார்கள். ஒருவர் கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டுப் போகும்போது சொன்னார்: “எங்க அப்பாவுக்கு விரலு கடைசி வரைக்கும் மரத்துப்போய்த்தான் இருந்துச்சும்மா. சோறு பிசையும்போது சூடு தெரியாது. அத எழுதியிருக்கீங்க.” தம்பி தங்கைகளுக்கு என்று ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் வழியாக இன்னும் சிலர். எந்த விளம்பரத்தாலும் நான் போய்ச் சேர்ந்திருக்க முடியாத வீடுகள் அவை.

உங்கள் நாவல் எதைப் பற்றியது என்று நீங்கள் சொல்லவில்லை. நர்ஸ்களைப் பற்றியதா, பெரம்பூர் ரயில்வே குடியிருப்பைப் பற்றியதா, எதுவானாலும் அதற்கென்று ஆட்கள் இந்த ஊரிலேயே இருப்பார்கள். அவர்களை எப்படிப் பிடிப்பது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் தொடங்குங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. நூலகரிடம் இரண்டு மூன்று பிரதிகளைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த ஒரு மாத இடைவெளியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், வருகிறவர்கள் படித்துவிட்டு வர வேண்டும்.